ராசி இல்லாதவள்

"கிளம்பு, கிளம்பு! நீ இந்த வீட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் எனக்கு விளங்காது."

வாஞ்சிநாதன் கார் சாவியை எடுத்து மனைவியின் கையில் திணித்தார். தாமரைச்செல்வி செருப்பை மாட்டிக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவளிடம் பேசுகிற பேச்சா இது?

"இன்னிக்கு ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து பாக்கறேனேங்க. சீசன்ல கடைசி மேட்ச்."

"கடைசிங்கறதாலதான் சொல்றேன்! ஜெயிச்சா ப்ளேஆஃப். தோத்தா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். என்னால ரிஸ்க் எடுக்க முடியாதும்மா. கோவிலுக்குப் போயிட்டு, மேட்ச் முடிஞ்சப்புறம் மெதுவா டிரைவ் பண்ணிட்டு வா."

விஷயம் இவ்வளவுதான். அவர்கள் குடியிருக்கும் அமெரிக்க ஊரின் டீமான சான் ஹோசே பெலிக்கன்ஸ் என்கிற பேஸ்பால் டீம் மேல் மனுஷருக்குப் பைத்தியம். ஏப்ரலில் முதல் மேட்ச் அன்றைக்குத் தாமரை ஒரு தட்டு வெங்காய பஜ்ஜியோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த நிமிஷமே டீம்காரன் ஒருத்தன் கைக்கு வந்த பந்தைக் கோட்டை விட்டான். அடுத்த மேட்ச்சிலும் அதே கூத்து.

ஊரில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவருக்கு இது போதாதா? தாமரைக்கு ராசி இல்லை என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

முதலில் ஹாலுக்குள் வரக் கூடாது என்றார். அப்புறம், மாடியில் இருந்தாலும் தோற்கிறார்களே என்றார். மே மாசத்திலிருந்து மேட்ச் என்றால் அவள் வீட்டிலேயே இருக்கக் கூடாது. ஒரு நாள் வாசலில் நின்று அழுதேவிட்டாள். மனுஷர் அசையவில்லையே!

அதோடு தாமரையும் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். "கோவிலுக்குப் போறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். சில நாள் திரும்பி வரும்போது தலையெல்லாம் வேர்வையில் நனைந்து கிடக்கும். "கோவில்ல ஏ.சி. ஓடலைங்க" என்று சொல்லிவிட்டு நேராகக் குளிக்கப் போவாள்.

இதில் ஒரே ஒரு குழப்பம் இருந்தது. அவளை வெளியே அனுப்பியும், வெளியூர் மேட்ச்சில் மட்டும் டீம் உதை வாங்கிக்கொண்டு வந்தது. அதற்கும் வாஞ்சிநாதனிடம் காரணம் இருந்தது. வெளியூருக்குப் பெலிக்கன் போவதில்லை!

பெலிக்கன் என்றால், மைதானத்தில் கூட்டத்தை உற்சாகப்படுத்த அந்த டீமுக்காக ஓர் ஆள் மாட்டிக்கொண்டு வரும் பறவை வேஷம். ஆள் உயரம், வெள்ளைச் சிறகு, முறம் மாதிரி மஞ்சள் அலகு. முன்பெல்லாம் சும்மா கையை ஆட்டிவிட்டு ஓரமாக நிற்கும். ஜூனில் வேஷத்துக்குள் யாரோ புது ஆள் வந்திருப்பதாகக் கமென்டேட்டர் சொன்னார். அன்றிலிருந்து என்ன ஆட்டம்! நம்மாள் பேட்டோடு இறங்கினால் போதும், சிறகு இரண்டையும் அவன் பக்கம் நீட்டி மூன்று சுற்று சுற்றும். பிறகு தரையைப் பார்த்து ஓர் உதறு உதறும். உடனே ரன்தான்.

"ஒரு பொம்மைக்கு இருக்கற ராசி கட்டின பொண்டாட்டிக்கு இல்லியே" என்று தாமரையிடமே சொல்லியிருக்கிறார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

இன்றைக்கு வாஞ்சிநாதனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்தார், நடந்தார், சீசன் முழுக்கத் துவைக்காத தொப்பியைக் கழற்றித் திருப்பி மாட்டினார். எட்டாவது இன்னிங்ஸ் முடிந்தும் டீம் இரண்டு ரன் பின்னால். ஒருவேளை தாமரை தெரு முனையிலேயே காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். காரைக் காணோம். போன் பண்ணினார். அவள் எடுக்கவில்லை.

ஒன்பதாவதுதான் கடைசி இன்னிங்ஸ். அதிலும் இரண்டு பேர் அவுட். ஓடி ரன்னை முடிக்க நம்மாட்கள் இரண்டு பேர் பேஸில் காத்து நிற்கிறார்கள். இன்னும் ஒருத்தன் அவுட்டானால் சீசன் அம்பேல்.

பெலிக்கன் தடுப்பு ஓரத்துக்கு ஓடி வந்தது. சிறகை நீட்டி மூன்று சுற்று, ஓர் உதறல். பேட்டில் பட்ட பந்து எகிறிப் பறந்து, சுவரைத் தாண்டிக் கூட்டத்துக்குள் விழுந்தது. ஹோம் ரன்! அடித்தவனோடு மூன்று பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். மூன்று ரன், ஜெயித்தாச்சு!

"அடி சக்கை!" வாஞ்சிநாதன் சோபா மேல் ஏறிக் குதித்தார். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. டிவிக்கு எதிரே போய் நின்று பெலிக்கனைக் கையெடுத்துக் கும்பிட்டார். "தெய்வமே! நீ மட்டும் என் வீட்டுக்கு வா, இதே சோபால நடுவுல உக்கார வெச்சு உன்னை ராஜா மாதிரி பாத்துக்கறேன்!"

மைதானத்தில் ஆட்டக்காரர்கள் பெலிக்கனைத் தூக்கி வைத்துக் கூத்தாடினார்கள். கமென்டேட்டர் மைக்கோடு ஓடி வந்தார். இத்தனை மாசம் முகத்தைக் காட்டாமல் ஆடினீர்கள், இன்றைக்காவது ஜனங்கள் பார்க்கட்டுமே என்று கெஞ்சினார். பெலிக்கன் கொஞ்சம் தயங்கியது. பிறகு அந்தப் பெரிய தலையை மெதுவாகக் கழற்றியது.

வேர்வையில் நனைந்த கூந்தல். நெற்றியில் கலைந்த பொட்டு. கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றார் வாஞ்சிநாதன்.

தாமரை மைக்கை வாங்கி, காமிராவை நேராகப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்:

"என்னங்க, இப்ப நான் வீட்டுக்குள்ள வரலாமா?"