ஒரே சாவி

விழுப்புரம் அலுவலகத்திலிருந்தே திண்டிவனம் கிளையின் கணினியை இயக்குவது ஷமீமின் வேலை. அவள் பெயரில் வேறு யாரோ அதில் நுழைந்துகொண்டிருந்தார்கள். பழைய இணைப்பில் பாஸ்வேர்டு அப்படியே வெளியே தெரியும். கிளையில் இருக்கும் செல்வகுமார்தான் திருடியிருப்பார் என்று சந்தேகப்பட்டாள். திங்கட்கிழமை அந்தப் பழைய இணைப்பை மூடிவிட்டு, குறியாக்கம் செய்து அனுப்பும் புதிய இணைப்புக்கு மாற்றினாள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக, நுழையத் தேவையான ஒரே சாவிக் கோப்பு அவளுடைய கணினியில் மட்டும் இருந்தது.

அன்று மதியம், கிளைக் கணினிக்குள் நுழைந்திருப்பவர்களின் பட்டியலில் அவள் பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்று விழுப்புரத்திலிருந்து, இன்னொன்று திண்டிவனத்திலிருந்தே.

போன் போட்டாள். "செல்வகுமார் சார், அந்த சிஸ்டத்துல யாரு உக்காந்துக்கினு இருக்கறது?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காலையிலேர்ந்து ஷமீம் மேடம்தான் உக்காந்துக்கினு இருக்காங்க. நீங்க யாருங்க பேசறது?"