கிளெனிஸின் குறுக்கு விசாரணை

"அந்தச் சிவப்பு நகப்பூச்சு... நீங்களே போட்டதா?"

கிளெனிஸ் கேட்டதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

ஸ்வான்ஸியில் அன்று பயிற்சி. உடம்புக்கு முடியாமல் அரசு உதவித்தொகை கேட்பவர்களை நேரில் பார்த்து மதிப்பிடும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு. தீராத மூட்டுநோயோடு எப்படி நாளைத் தள்ளுவது என்று சொல்ல எய்ர்லிஸ் வந்திருந்தார். கடைசி வரிசையில், அதே வேலையில் தலை நரைத்த கிளெனிஸ்.

'என்ன ஜென்மம் இது!' என்று, புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவனான ரொட்ரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கண்ணும் அதுவரை அந்த நகத்தில்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

எய்ர்லிஸ் அசரவில்லை. "பொண்ணு போட்டுவிட்டா. அந்த மூடியைத் திருகுற தெம்பு என் விரல்ல இருந்தா, நான் ஏன் இங்க வர்றேன்?"

"பஸ்ல தனியாத்தானே வந்தீங்க?"

"வந்தேன். நாளைக்கு முழுக்கப் படுக்கைதான். நீங்க பாக்குறது என்னோட நல்ல நாளை. கெட்ட நாளைப் பாக்கணும்னா வீட்டுக்கு வாங்க. ஆனா கதவைத் திறக்க நான் எழுந்து வரமாட்டேன்."

"வலிங்கறீங்க, சிரிச்சுக்கிட்டே இருக்கீங்களே?"

"அழுதும் பாத்தேன். வலி போகல, மூக்குதான் அடைச்சுது."

வகுப்பு சிரித்தது. எய்ர்லிஸ் சிரிக்கவில்லை.

"மூணு வருஷம் முன்னாடி ஒருத்தர் என்னை மதிப்பிட வந்தார். ரொம்ப மரியாதை. ஒரு கேள்வி கேக்கல. 'சிரித்த முகம், தெளிவான பேச்சு'ன்னு எழுதிட்டுப் போனார். உதவி நின்னுபோச்சு. மேல முறையிட்டு வாங்குறதுக்குள்ள ஒரு குளிர்காலத்தை ஹீட்டர் போடாமலே ஓட்டினோம்."

பேனாக்கள் சட்டென்று நின்றன.

டீ இடைவேளையில் ஆளாளுக்கு கிளெனிஸை வறுத்தெடுத்தார்கள். ரொட்ரிதான் அதிகம். "ஈரமே இல்லாத பொம்பளை! அந்தம்மாகிட்ட நம்ம எல்லார் சார்பாவும் நான் மன்னிப்புக் கேக்கப் போறேன்" என்று ஒரு தட்டில் இரண்டு கேக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஓய்வறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எய்ர்லிஸின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, கணுக்காலை மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார் கிளெனிஸ்.

"போதும்டி. அத்தனை பசங்களும் என்னை முறைக்குதுங்க. வில்லி வேஷம் போட்டு எனக்கும் அலுத்துப்போச்சு."

"முறைக்கட்டும். அதுங்க மனசுல ஓடுறதத்தானே நீ கேக்குற? இங்க யாராவது கேட்டாத்தானே என்னால பதில் சொல்ல முடியும். இல்லேன்னா நல்ல பிள்ளையா வாயை மூடிக்கிட்டுப் போயி, இன்னொருத்தி தலையிலயும் 'சிரித்த முகம்'னு எழுதிடுவாங்க."

ரொட்ரிக்குக் காது இரண்டும் சுட்டது. வந்த சுவடு தெரியாமல் தட்டோடு பின்வாங்கினான்.

உள்ளேயிருந்து எய்ர்லிஸின் குரல் துரத்திக்கொண்டு வந்தது: "அடுத்த வாரம் கார்டிஃப் வகுப்புல இன்னும் கொஞ்சம் கொடூரமா கேளு, அக்கா!"