கடைசி வரி வரை

"மவுஸ் சக்கரத்தை உருட்டுனா பக்கம் இன்னிக்கும் துள்ளுதேப்பா. சீக்கிரம் முடிச்சுக் குடு, சம்மதம் அழுத்த எல்லாரும் காத்திருக்காங்க" என்றார் மேலாளர் நமுகோலோ.

"இன்னிக்கு முடிச்சிடறேன் மேடம்" என்று கண்ணைக் கசக்கினான் புரோகிராமர் கபெம்ப்வா.

லுசாகாவின் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியில் ஊழியர்களுக்கான புது விதிமுறைகள் மட்டும் நாற்பது பக்கம். மவுஸ் சக்கரத்தை உருட்டிக் கடைசி வரிக்குப் போனால்தான் 'சம்மதம்' பொத்தான் உயிர்பெற வேண்டும். படிக்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதாம். மூன்று வாரமாக உருட்டுவதும் பொத்தானை அழுத்திப் பார்ப்பதுமாக அதோடுதான் மல்லுக்கட்டு. மெதுவாக உருட்டினால் பொத்தான் விழிக்காது; வேகமாக உருட்டினால் பாதியிலேயே விழித்துக்கொள்ளும். மதியச் சோளக்களி டப்பாவில் தொடாமல் ஆறிக் கிடந்தது.

மாலையில் ஒருவழியாகச் சரியானது.

"முடிஞ்சுது மேடம். இனிமே ஒருத்தரும் தப்பிக்க முடியாது. யாரு எத்தனை தடவை கடைசி வரிக்குப் போனாங்கன்னுகூடப் பதிவாகும்."

"நல்லதுப்பா. அப்படியே உன் மேசையையும் காலி பண்ணிடு."

"எதுக்கு மேடம்?"

"கடைசி விதியே அதுதானே? இந்த வேலை முடியற அன்னிக்கு புரோகிராமர் பதவி ரத்து. ஆட்சேபம் இருந்தா, முதல் தடவை சம்மதிச்ச பத்து நாளுக்குள்ள எழுதிக் குடுத்திருக்கணும்."

"ஐயோ, நான் அதைப் படிக்கவே இல்லையே மேடம்!"

நமுகோலோ பெருமூச்சோடு திரையை அவன் பக்கம் திருப்பினார். பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. கபெம்ப்வா, கடைசி வரி வரை முந்நூற்றுப் பன்னிரண்டு முறை. சம்மதம், ஒவ்வொரு முறையும்.