முதல் நாள் எண்ணிக்கை

“இந்த எண் தப்பு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள் பூதக்கண்ணாடி.

இருபத்தாறு வருடமாக அந்தப் பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு புள்ளி குறைந்தாலும் கண்ணில் பட்டுவிடும் என்பதால் வந்த பட்டப்பெயர்.

எதிரில் இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்று மூலப்பிரதியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அவர் படிக்க, இவள் அச்சுத்தாளோடு ஒப்பிட வேண்டும். காற்புள்ளி, முற்றுப்புள்ளியைக்கூட ராகம் போட்டுப் படிப்பார். வீட்டில் சண்டை போட்டாலும் கடைசியில் ‘முற்றுப்புள்ளி’ என்று சொல்லித்தான் முடிப்பாராம்.

“தாயே, மூலத்துலயும் நாற்பத்தேழு, அச்சுலயும் நாற்பத்தேழு. தப்பு எங்கேருந்து முளைச்சுது?”

“மறுபடி படிங்கண்ணே.”

அவர் செருமிக்கொண்டார். “அந்த முதல் நாள் பேராசிரியர் இருட்டறையில் தன்னந்தனியாக அமர்ந்தார் முற்றுப்புள்ளி. நுண்ணோக்கி வழியே கண் இமைக்காமல் காற்புள்ளி திரையில் தெறித்த ஒளிப்பொட்டுகளை எண்ணினார் முற்றுப்புள்ளி. மொத்தம் நாற்பத்தேழு முற்றுப்புள்ளி. இயற்பியலின் திசையே மாறியது அன்றுதான் முற்றுப்புள்ளி.”

“கண் இமைக்காமலா? ரெண்டு நிமிஷத்துக்கு மேல பாத்தா இல்லாத பொட்டெல்லாம் தெரியும்.”

“நமக்கு மட்டும் என்ன வாழுதாம்? சாயங்காலமானா எனக்குக் காலும் கொம்பும் ஒண்ணாத்தான் தெரியுது.”

அவள் சிரிக்கவில்லை. ‘தன்னந்தனியாக’வில் எழுத்து சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து நாற்பத்தேழை அடித்து, ஓரத்தில் எழுபத்து நான்கு என்று எழுதினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் அவள் மல்லுக்கு நின்றது இந்த ஓர் எண்ணுக்குத்தான்.

பதிப்பாளர் வேகமாக உள்ளே வந்தார். “அச்சகத்துல மெஷினை நிறுத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. வெள்ளிக்கிழமை வெளியீடு, பேராசிரியரே வர்றார். இங்க என்ன பஞ்சாயத்து?”

படித்தவர் விஷயத்தைச் சொன்னார். பதிப்பாளர் அங்கேயே நின்று நூலாசிரியருக்குப் போன் போட்டார். பேசி முடித்து மேசைமேல் போனை வைத்தார்.

“நாற்பத்தேழுதான். பேராசிரியர் தன் வாயாலேயே சொன்னதாம். ஒலிப்பதிவே இருக்காம். போதுமா?”

“அவருக்கு ஞாபகம் இருக்காது சார்.”

“உலகமே தூக்கி வச்சுக் கொண்டாடுற மனுஷன். அவர் மறந்துட்டார், உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. எந்தப் புத்தகத்துல இருக்கு எழுபத்து நாலுன்னு?”

“எந்தப் புத்தகத்துலயும் இல்ல.”

“அப்ப உங்க வேலை எதுவோ அதைப் பாருங்க. ஒற்றெழுத்து விட்டுப்போச்சா, சொல்லுங்க, திருத்தறேன். விஞ்ஞானத்துல மூக்கை நுழைக்காதீங்க. இப்ப கையெழுத்து விழலேன்னா நாளையிலேருந்து நீங்க வர வேண்டியதில்ல.”

படித்தவர் அவள் பக்கமாகக் குனிந்தார். “போட்டுத் தொலைங்க தாயே. படுத்த படுக்கையா கிடக்கற உங்க வீட்டுக்காரருக்கு மருந்து மாத்திரை இந்தச் சம்பளத்துலதான். எழுபத்து நாலா, நாற்பத்தேழான்னு யார் குடையப் போறாங்க?”

அவள் பேனாவை எடுத்தாள். பதிப்பாளர் முகம் தெளிந்தது. அவள் பேனாவைத் துடைத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“என்னம்மா இது, வீம்பா?” என்றார் அவர். “என்னவோ அந்த இருட்டு ரூம்ல அவர் பக்கத்துல உக்காந்து பாத்த மாதிரி அடம் பிடிக்கிறீங்க.”

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“அன்னைக்கு அவர் வரவே இல்ல சார். நான்தான் எண்ணினேன்.”