எடிட்டர் தேர்வுக் குழு

"நீ கவலைப்படாதே குயென். நல்லா ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தரேன், வேற எங்கயாவது சேந்துக்கலாம்" என்றார் லுவான். சேர்ந்து ஐந்தே மாதமான அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரிண்ணே" என்றாள்.

லுவானுக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது. படகு டிக்கெட் மென்பொருள் எழுதும் அந்த சைகோன் அலுவலகம் முழுக்க ஆள் குறைப்புப் பேச்சுதான். கடைசியில் வந்தவர்களைத்தானே முதலில் அனுப்புவார்கள்? தன்னைப் பற்றி அவருக்குப் பயமில்லை. பதினாறு வருட அனுபவம். போதாக்குறைக்கு, எடிட்டர் தேர்வுக் குழுவிலும் அவர் ஓர் உறுப்பினர்.

நிரலைத் தட்டவும் திருத்தவும் உதவும் மென்பொருளான எடிட்டர், நிரல் எழுதுகிறவனுக்குத் தச்சனின் உளி மாதிரி. புதியவர்களுக்கும் பழகியவர்களுக்கும் தோதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் எல்லாரும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகி ஹான் அக்கா சொல்லியிருந்தார். "எவ்வளவு நாள் வேணுமோ எடுத்துக்கோங்க தம்பி. அதுவரைக்கும் உங்க வேலையை எல்லாம் குயென் பாத்துக்கட்டும்."

தலைமைப் பொறியாளர் பதவி வேறு மூன்று மாதமாகக் காலியாக இருந்தது. லுவான் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டிக்கொண்டார். மனைவியிடமும் சொல்லிவிட்டார். அவள் தன் பங்குக்குப் பிறந்த வீடு வரைக்கும் சொல்லிவிட்டாள்.

குழுவின் இன்னோர் உறுப்பினர் கியெட், பதினான்கு வருட அனுபவம். லுவான் விம் என்ற எடிட்டரின் கட்சி. மவுஸைத் தொட்டாலே தெய்வக்குத்தம், எல்லாம் விசைகள்தான். கியெட் ஈமாக்ஸ் கட்சி. அதிலேயே கடிதம் படிக்கலாம், நாள்காட்டி பார்க்கலாம், அலுத்தால் விளையாடலாம். வேலை செய்யத்தான் விரல் சுளுக்கிக்கொள்ளும் என்பது லுவானின் கட்சி.

மூன்று வாரம் இருவரும் ராப்பகலாக அதே நினைப்பாக இருந்தார்கள். ஒரு வரியை அழிக்க எதில் எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துப் பந்தயம் நடந்தது. லுவான் அரை நொடி வித்தியாசத்தில் ஜெயித்தார். மிச்சமான அந்த அரை நொடியை வைத்து என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் மேசைக்கடியில் பாய் விரித்துக் கண்ணயரும் நேரத்திலும் இருட்டில் வாக்குவாதம் ஓயவில்லை. தூக்கம் கெட்டவர்கள் இரண்டு பேரையும் வெளியே துரத்தினார்கள். நடைபாதைக் கடையில் ஐஸ் காப்பியோடு விவாதம் தொடர்ந்தது.

புதியவர்களுக்கு எது சுலபம் என்று பார்க்க ஒருநாள் குயெனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். விம்முக்குள் போனவளுக்கு வெளியே வர வழி தெரியவில்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். "அண்ணே, உங்க வேலைதான் அங்க கிடக்கு" என்று சொல்லி, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு எழுந்து போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை பத்தாது என்று அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதினார்கள். இருவரும் சண்டையில்லாமல் எழுதிய பக்கம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமைதோறும் ஹான் எட்டிப் பார்ப்பார். எந்த எடிட்டர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "நீங்க பாக்க வேண்டிய வேலை எதுவும் தேங்கலையே?" என்று மட்டும் கேட்பார். ஒன்றுகூடத் தேங்கவில்லை என்று லுவான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றால் மறுபேச்சில்லாமல் கிடைத்துவிடும். இப்படி ஒரு நிர்வாகி எந்த அலுவலகத்துக்கு வாய்க்கும்?

நான்காவது திங்கட்கிழமை காலை அறிக்கை தயார். அவரவருக்கு எது பழக்கமோ அதிலேயே எழுதலாம் என்பது குழுவின் ஏகமனதான முடிவு. குழு போடுவதற்கு முதல் நாளும் அங்கே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஹான் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கதவுப் பக்கமாகப் போன குயெனைக் கூப்பிட்டு, நீ எதில் எழுதுகிறாய் என்று விசாரித்தார்.

"பேர் தெரியாதுக்கா. மெஷின்ல முதல்லயே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவள் தன் இடத்துக்குப் போனாள்.

லுவானுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கியெட்டும் அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண்ணின் சீட்டு கிழிந்துவிட்டது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. ஆனாலும் லுவானுக்கு இளகின மனசு.

"சின்னப் பொண்ணு அக்கா. அனுப்பறதா இருந்தா ஒரு மாசமாவது டைம் குடுத்து அனுப்புங்க."

"குயெனை யாரு அனுப்பறா?" என்ற ஹான், மேசை இழுப்பறையைத் திறந்தார். இரண்டு உறைகளை எடுத்து ஆளுக்கொன்றாக அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

"யார் யார் இல்லாட்டியும் இந்த ஆபீஸ் நடக்கும்னு பாக்கத்தான் தம்பி, குழுவே போட்டேன்."