கொட்டாத குப்பை

'நிறுவி முடிந்தது' என்று திரையில் வந்ததும் சித்தியைக் கூப்பிட்டேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக இதே கணினியில் அச்சகத்துக்குத் தட்டச்சு செய்து கொடுப்பவள், இன்றைக்கு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கணினியை ஓட்டிக்கொண்டிருந்த விண்டோஸ் போய் லினக்ஸ் வந்திருந்தது. முன்பெல்லாம் பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வரலாம். இப்போது கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

விண்டோஸ் இருந்தவரை இந்தக் கணினி, 'இடம் இல்லை, இடம் இல்லை' என்று புலம்பாத நாளே கிடையாது. சித்தி அதற்காக எதையும் அழிக்க மாட்டாள். தன் வேலைகளைப் பென்டிரைவில் ஏற்றி ஏற்றி, ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பென்டிரைவ் சேர்ந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, அழித்த கோப்புகள் போய்க் கிடக்கும் குப்பைத்தொட்டியை நான் காலி செய்யப் போனேன். கையிலிருந்து மவுஸை வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள். கணினியைத் தொடக்கூட விட மாட்டேன் என்கிறாள் என்று அப்பாவிடம் கோள் சொன்னேன். அப்பா என் பக்கமும் பேசவில்லை, அவள் பக்கமும் பேசவில்லை. அது அவருக்குக் கைவந்த கலை.

உண்மையைச் சொன்னால், இந்த வேலையை நான் சித்திக்காக இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மாவின் படங்கள் இந்தக் கணினியில்தான் இருந்தன. அச்செடுத்த படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் அம்மா யாரையோ முறைத்துக்கொண்டிருப்பாள். சிரிக்கிற அம்மா, தலை கலைந்த அம்மா, என்னை இடுப்பில் வைத்திருக்கிற அம்மா எல்லாம் கணினிக்குள் இருந்தார்கள்.

அம்மா இறந்தபின் அப்பா சித்தியைக் கட்டிக்கொண்டு வந்த வாரத்தோடு அவை காணாமல் போயின. யார் வேலை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதில் அம்மாவை அவள் 'அக்கா' என்பாள். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, ஆனாலும் அக்கா. அக்கா பீரோ, அக்கா வச்ச செடி. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படத்தை அழித்துவிட்டு அப்புறம் என்ன அக்கா?

எங்கேயாவது ஒன்று தப்பிக் கிடக்காதா என்ற நப்பாசையில், மாற்றுவதற்கு முன் காலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். கல்யாண அழைப்பிதழ், கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரார் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் இருந்தது. அம்மா இல்லை.

சித்தி கதவோரம் வந்து நின்று, "எல்லாத்தையும் தொறந்து பாத்துட்டியாம்மா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து அதையே மறுபடியும் கேட்டாள்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு."

திரையின் மூலையில் குப்பைத்தொட்டி நிரம்பிக் கிடந்தது. இவள் குப்பையை நான் எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அவளுடைய கோப்புகளையெல்லாம் பத்திரமாக வெளியே நகலெடுத்தேன். பிறகு கணினியில் எல்லாம் பதிந்திருக்கும் வட்டை அழித்தேன். சாதாரணமாக அழித்தாலே போதும். அப்படி அழித்ததைப் பிற்பாடு தோண்டி எடுக்கவும் வழியுண்டு. ஆனால் எனக்கு வீம்பு. என் அம்மாவைத் தொலைத்த கணினியில் ஒரு எழுத்துகூட மிஞ்சக் கூடாது என்று, வட்டு முழுக்கப் பூஜ்யமாக எழுதச் சொல்லிவிட்டேன். மதியம் முழுக்க அது ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே திருப்தியாகச் சாப்பிட்டேன்.

இப்போது சித்தி மவுஸைப் பிடித்தாள்.

அவளுடைய அழைப்பிதழ்களைத் திறக்கவில்லை. எழுத்துகள் சரியாக வருகின்றனவா என்று பார்க்கவில்லை. நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போய் அதைத் திறந்தாள்.

உள்ளே வெள்ளையாக இருந்தது.

மூடிவிட்டு இன்னொரு தடவை திறந்தாள்.

என் வாய் சும்மா இருக்காது. "புது வீட்டுக்குப் பழைய குப்பையையும் தூக்கிட்டு வரணுமா சித்தி?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அக்கா அதுலதான் இருந்தாங்க."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்கப்பா போட்டது. எனக்குச் சங்கடமா இருக்கும்னு நினைச்சிருப்பாரு. அவரு போட்டதை நான் எப்படி எடுத்து வெளிய வைக்கிறது? கொட்டாம பாத்துக்கிட்டேன்."

பிஸ்கட் டப்பா மேசைமேல் திறந்தே இருந்தது. இத்தனை வருஷமும் தன்னுடையதையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, அம்மாவுக்கு உள்ளே இடம் விட்டு வைத்திருக்கிறாள். நான் ஒரே மதியத்தில் துடைத்துப் போட்டுவிட்டேன். பூஜ்யத்துக்கு அடியிலிருந்து எதையும் எடுக்க முடியாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வீட்டில் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சித்தி?" என்றேன்.

சித்தி குப்பைத்தொட்டியை மூடினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"அதான் கேட்டேனேம்மா," என்றாள்.