ஹருநாமியின் குரல்

"நாலே நாள் ரேடியோல பேசுனவளுக்காக, வீட்ல பார்த்த பொண்ணை வேண்டாங்கிறியாடா?"

ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள் ஜோதிமணி. ஷார்ஜாவில், முவைலாவிலிருந்து கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மலையைக் குடைந்து போட்ட பாதையைத் தாண்டினால் புஜைரா.

பக்கத்து இருக்கையில் அவள் தம்பி விஜயபாஸ்கர். எண்ணெய்க் கப்பலில் மூன்றாம் அதிகாரி. போன வாரம்தான் கப்பலிலிருந்து இறங்கி, லீவுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தான்.

"வேண்டாம்னு சொல்லலையே. இன்னிக்கு இவளைப் பார்த்துட்டுச் சொல்றேன்னுதான் சொன்னேன்."

"அந்தப் பொண்ணு தாமரை வீட்ல ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் கேக்கறாங்க. அப்பா தினமும் எனக்குத்தான் போன் பண்றாரு. சரி, இவ பேரு என்ன?"

"தெரியாதுக்கா. ரேடியோல ஆள் பேர் சொல்ல மாட்டாங்க. கப்பல் பேர்தான். ஹருநாமி. வசந்த கால அலைன்னு அர்த்தமாம்."

ஹருநாமி ஜப்பான் கடற்படையின் போர்க்கப்பல். ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையர் வரும் வழியில், சரக்குக் கப்பல்களை வரிசையாகச் சேர்த்துக்கொண்டு காவலாகக் கூடவே போகும். விஜயபாஸ்கரின் 'சீ லோட்டஸ்' கப்பலும் போகும்போது இரண்டு நாள், திரும்பும்போது இரண்டு நாள் அந்த வரிசையில் போனது. எந்தக் கப்பலிலும் காலை எட்டு மணி டியூட்டி மூன்றாம் அதிகாரிக்குத்தான். அவன் வந்து நின்றதும் ரேடியோவில் அந்தப் பெண் குரல் வரும்.

"ஆளு எப்படி இருப்பா?"

"நூத்தம்பது மீட்டர் நீளம்க்கா. கட்டி இருபது வருஷம் ஆச்சு. சுவரெல்லாம் சாய்ச்சு வச்சுக் கட்டியிருப்பாங்க. ரேடார் அலை பட்டா திரும்பி வராம சிதறிப் போயிடும். எங்க ஸ்க்ரீன்ல மீன்பிடிப் படகு மாதிரி குட்டியா ஒரு புள்ளி. நிமிர்ந்து பார்த்தா, பனிக்குள்ளேர்ந்து மலை மாதிரி வருது!"

"பொண்ணைக் கேட்டா கப்பலைச் சொல்றான்!"

அவன் வெட்கத்தோடு சிரித்தான். "பார்த்ததில்லையே. என் வயசுதான் இருக்கும். குரலே சொல்லுது."

"அப்படி என்னதான் பேசுனா?"

"'நேத்து தூங்குனியா'ன்னு கேப்பா. 'சாப்பிட்டியா'ன்னு கேப்பா. வெளியே காத்தடிச்சா, 'ஜாக்கெட் போட்டுக்கோ'ன்னுவா. இங்கிலீஷ்லதான், ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி."

"இதெல்லாம் காதலாடா?"

"வேற யாருக்கா இதெல்லாம் கேக்கறாங்க?"

கார் சுரங்கப் பாதைக்குள் நுழைந்தது. மஞ்சள் விளக்குகள் அவன் முகத்தில் வழுக்கிக்கொண்டு போயின. அவன் தூக்கத்தில் பேசுகிறவன் போல மெதுவாகச் சொன்னான்.

"ரெண்டாவது நாள் மூணு படகு எங்களைப் பார்த்து வேகமா வந்துச்சு. கையில துப்பாக்கி தெரியுது. நான் மைக்ல என்னமோ உளற ஆரம்பிச்சுட்டேன். அப்ப அவ, 'பயப்படாதே, உன் பக்கத்துலதான் இருக்கேன், மெதுவா மூச்சு விடு'ன்னா. அவங்க ஹெலிகாப்டர் வந்ததும் படகுங்க திரும்பிடுச்சாம். எனக்கு அது எதுவும் ஞாபகமே இல்லக்கா. அந்தக் குரல் மட்டும்தான்."

சுரங்கத்தைத் தாண்டியதும் அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சட்டையை ஒழுங்கா இன் பண்ணு" என்றாள்.

புஜைரா துறைமுகத்தில் கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இல்லை. வெளுத்த புழுக்கத்தில், தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் மிதப்பது போல நின்றது ஹருநாமி. அன்று பார்வையாளர்களை அனுமதித்திருந்தார்கள். ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை பார்க்கும் விஜயபாஸ்கரின் நண்பன் சதீஷ்குமார் இரண்டு பாஸ் வாங்கி வைத்திருந்தான்.

ஏணிப்படியில் கடற்படைச் சீருடையில் ஒரு இளம் பெண் குனிந்து வரவேற்றாள். ஜோதிமணி தம்பியின் முழங்கையை இடித்தாள். "இவளா?"

அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். "இல்லக்கா."

ஹெலிகாப்டர் நிற்கும் கூடத்தில் இன்னொருத்தி விளக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுத் தலையாட்டினான். அவளும் இல்லை.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. விருந்தினர்களுக்கு ஹருநாமியின் வணக்கம் என்று ஆங்கிலத்தில் ஒரு குரல், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி.

விஜயபாஸ்கர் அப்படியே நின்றுவிட்டான். "இதான்க்கா... இதான்!"

"மேலே, கப்பலைச் செலுத்தும் அறையிலிருந்து பேசுகிறார்கள், வாருங்கள்" என்று விளக்கிக்கொண்டிருந்த பெண் அழைத்துப் போனாள். செங்குத்தான இரும்புப் படிகளில் அவன் முன்னால் ஓடினான். ஜோதிமணிக்கு மூச்சு வாங்கியது.

கண்ணாடி முழுக்க வெள்ளை வெளிச்சம். மைக்கை அதன் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பியவர் குள்ளமான ஒரு பெண்மணி. காதோரம் நரைத்திருந்தது. தோளில் தங்கப் பட்டைகள்.

"எங்கள் கேப்டன்" என்றாள் கூட வந்த பெண்.

ஜோதிமணி உதட்டைக் கடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் சிவந்து, வெளிறி, மறுபடி சிவந்தது. பேசாமல் திரும்பிவிடலாமென்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"குட் மார்னிங், ஹருநாமி. திஸ் இஸ் சீ லோட்டஸ்."

கேப்டன் விரைந்து வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"என் மகனுக்கும் உன் வயதுதான். அவனும் சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. அந்த நாட்களில் அதே கடலில், என் வரிசைக்கு வெளியே தனியாகப் போய்க்கொண்டிருந்தான். சொந்தக் காரியத்துக்காக அவன் கப்பலை நான் அழைக்கக் கூடாது" என்றார். "அதனால்தான் காலை எட்டு மணிக்கு ரேடியோ அதிகாரியிடமிருந்து மைக்கை வாங்கி, அவனிடம் கேட்க நினைத்ததை எல்லாம் உன்னிடம் கேட்டேன்."